பாசித் தாத்தாவின் பதில்

ஸ்டூர்மோ,
நவம்பர், முதல் பனிக்கு மறுநாள்.

அன்புள்ள யோர்டிஸ்,

நலம். நீயும் உன் வீட்டாரும் வடக்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இந்நேரம் சூரியன் கிளம்பும் முன்பே திரும்பிப் போய்விடும். இங்கே மதியச் சாப்பாடு வரைக்குமாவது வெளிச்சம் நிற்கிறது. உன் மகள் இடுன் புதுப் பள்ளிக்குப் பழகிவிட்டாளா? இங்கே உடைமாட்டும் அறையில் அவள் பெயர் ஒட்டியிருந்த கொக்கியில் இப்போது வேறொரு குழந்தையின் தொப்பி தொங்குகிறது. பெயரைச் சுரண்டி எடுத்த தடம் மட்டும் இருக்கிறது.

கல்லூரியில் நாம் ஒரே அறையில் படித்த காலத்திலேயே, எனக்கு வேலை கிடைத்தால் உன்னோடுதான் கிடைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கடைசியில் இந்த மழலையர் பள்ளியில் நீ விட்டுப் போன இடம்தான் எனக்குக் கிடைத்தது. வசந்தத்தில் நீ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது மார்கரேத்தாவுக்கு இன்னும் வருத்தம். ஆனாலும் பள்ளித் தலைவி என்ற முறையில் என்னிடம் அதைக் காட்டிக்கொள்வதில்லை.

அம்மா இன்னும் மர ஆலையில் துப்புரவு வேலைக்குப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "முயல் மாதிரி குதிக்கிறதுக்கா நாலு வருஷம் படிச்ச? அதை நான் அடுப்படியிலயே சொல்லிக் குடுத்திருப்பேனே!" என்கிறாள். அப்பா மர லாரியிலிருந்து இறங்கி வந்து கையுறையைக் கழற்றியபடி, "விடுடி, சம்பளமும் குடுத்துக் குதிக்கவும் விடுறாங்கன்னா அது பெரிய படிப்புதான்" என்கிறார்.

குதிக்கத்தான் செய்கிறோம். கரடி நடை, முயல் தாவல், ஆந்தைக் கழுத்து. பைன் காய்களைக் குவித்து எண் கற்கிறார்கள். குச்சிகளை வளைத்துத் தங்கள் பெயரின் முதல் எழுத்தைச் செய்கிறார்கள். மழையோ பனியோ, உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறோம். சின்னவர்கள் தள்ளுவண்டிகளில், குளிரில் கன்னம் சிவக்கத் தூங்குகிறார்கள். வியாழக்கிழமை காடு. கயிற்றின் வளையங்களைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகிறோம். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கித்தான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காட்டில் ஒளிந்திருந்து குழந்தைகளுக்குப் பதில் குரல் கொடுக்கும் பாசித் தாத்தாவின் வேட அங்கி இந்த ஆண்டு எனக்கு வந்தது. அதை அணிபவர் யாரென்று பெரியவர்கள் தங்களுக்குள்ளும் பேசக்கூடாது, பேசினால் குழந்தைகள் நம் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது இங்குள்ள வழக்கம். அதை மீறித்தான் இதை எழுதுகிறேன். போன ஆண்டு அது உன்னிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். பச்சைக் கம்பளியின் கழுத்துப் பக்கத்தில் உன் தலைமுடி ஒட்டியிருந்தது.

என் கூச்சம் உனக்குத் தெரியும். முதல் வியாழன் பெரிய பாறைக்குப் பின்னால் அங்கியோடு உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் "ஓஹோய், பாசித் தாத்தா!" என்று கூப்பிட்டார்கள். பதில் கொடுக்க எனக்கு வாயே வரவில்லை. அழுகையே வந்துவிட்டது. அப்போது எனக்குப் பின்னால், இன்னும் உள்ளே, மரங்கள் நெருங்கி நிற்கும் ஏரிப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. தாழ்ந்த, நீண்ட குரல். கொஞ்சம் தாமதமாக, கேட்பவரை ஏங்க வைத்துவிட்டு வருகிற குரல். குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

எங்களோடு காட்டுக்கு வரும் ஆசிரியர் ரூனேதான் என்று நினைத்தேன். அவன் எப்போதும் அந்தப் பக்கத்தில் தனியாகத் தீ மூட்டித் தொத்திறைச்சி சுடுகிறான். என் நிலைமையைப் பார்த்து எனக்காகக் குரல் கொடுத்துவிட்டான், நல்லவன், என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் அதேதான். நான் பாறைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பேன். குரல் வரும். வழக்கப்படி யாரும் எதையும் பேசிக்கொள்வதில்லை. மார்கரேத்தா என் தட்டில் மட்டும் இன்னொரு ஏலக்காய் பன்னை வைத்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டுவார்.

இப்போது எம்ப்லாவைப் பற்றிச் சொல்கிறேன். ஆகஸ்டில் புதிதாகச் சேர்ந்தவள். நான்கு வயது. வீட்டில் பேசுவாள், வெளியே ஒரு சொல்கூடப் பேச மாட்டாள். அப்பா ஹோகன் மட்டும்தான் வளர்க்கிறார். அவள் எங்களில் யாரிடமும் பேசவில்லை, பாசித் தாத்தாவுக்கு மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் "ஓஹோய்" மட்டும். பிறகு, தாத்தா என்ன சொன்னார் என்று மற்றக் குழந்தைகளுக்குச் சொல்லத் தொடங்கினாள். இப்போது அவர்களோடு சண்டையே போடுகிறாள். நேற்று ஹோகன் பள்ளி வாசலருகே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன செஞ்சீங்கன்னு நான் கேக்க மாட்டேன். கேக்கக்கூடாதுன்னு தெரியும். ஆனா நன்றி. சாகற வரைக்கும் நன்றி" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். குரல் எப்போதும் அழைப்பு மட்டும்தான். சொற்கள் எதுவும் எனக்குக் கேட்டதில்லை. எம்ப்லாவுக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது? உனக்கும் ரூனேதான் குரல் கொடுத்தானா? ஒரு வரி எழுது.

எல்லோருக்கும் என் அன்பு. இடுனுக்கு என் முத்தம்.

உன் தோழி,
ஹில்லெவி.


ஸ்டூர்மோ,
டிசம்பர், லூசியா ஊர்வலம் முடிந்த ஞாயிறு.

அன்புள்ள யோர்டிஸ்,

உன் அட்டை வந்தது. நலம் விசாரிப்பு இல்லை, கையெழுத்தும் இல்லை. "அவர்கள் பின்னோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்களா?" என்ற ஒரே கேள்விதான் இருந்தது. அதைப் படித்த அன்று காலையில்தான் அவர்கள் தொடங்கியிருந்தார்கள். நான் உனக்கு அதைப் பற்றி எழுதியதே இல்லை.

பள்ளி முற்றத்துப் பனியில் நடக்கும் விளையாட்டு அது. முகம் ஒரு திசையில், நடை எதிர்த்திசையில். முதுகை முன்னே விட்டு, திரும்பிப் பார்க்காமல், ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். சிரிப்பில்லை. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். "பாசித் தாத்தா. நாங்க எங்கே போனோம்னு யாருக்கும் தெரியாம போறதுக்கு" என்றாள் எம்ப்லா, அடுத்தவர் காலை மிதித்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு. மார்கரேத்தாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "சமநிலைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இதெல்லாம் உனக்கு எப்படித்தான் தோணுதோ!" என்று என் காதருகே சொன்னார். பெற்றோருக்கு அனுப்பும் வாரச் செய்தியிலும் எழுதிவிட்டார்.

அந்த வியாழன் நான் வழக்கம் போலப் பாறைக்குப் பின்னால் இருந்தேன். ரூனே காபிக் குடுவையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "குளிர்ல விறைச்சுப் போய் உக்காந்திருக்கியேன்னு பாவமா இருந்துச்சு" என்று குவளையில் ஊற்றிக் கொடுத்தான். குழந்தைகள் இன்னும் கூப்பிடவில்லை. தூரத்தில் மார்கரேத்தா கதை சொல்லும் சத்தம் கேட்டது. அப்போது ஏரிப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. யாரும் கூப்பிடாமலே வந்தது.

ரூனே என் வாயைப் பார்த்தான். நான் அவன் வாயைப் பார்த்தேன்.

"வாயைத் திறக்காமலே கத்தக் கத்துக்கிட்டியா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பிறகு, "எதிரொலி" என்றான். எதன் எதிரொலி என்று நான் கேட்கவில்லை. இத்தனை நாளும் நான்தான் அவ்வளவு நன்றாகச் செய்கிறேன் என்று அவன் நினைத்திருக்கிறான். அவன்தான் என்று நான் நினைத்திருந்தேன். பேசக்கூடாது என்ற வழக்கத்தை மதித்து, அந்தக் குரலுக்கு இத்தனை வாரங்கள் இடம் விட்டிருக்கிறோம்.

திரும்பும்போது கயிற்றில் ஒரு வளையம் காலியாக இருந்தது. எம்ப்லாவின் வளையம்.

மார்கரேத்தா மற்றக் குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்துப் பாட ஆரம்பித்தார். நானும் ரூனேயும் தேடினோம். புதுப் பனியில் அவளுடைய சின்ன பூட்ஸ் தடங்கள் தெளிவாக இருந்தன. ஏரியிலிருந்து எங்களை நோக்கி வந்திருந்தன. "அப்பாடா! ஏரிப் பக்கம் போயிட்டுத் திரும்பி வந்துட்டா. இங்கதான் எங்கேயாவது ஒளிஞ்சிருப்பா, கள்ளி" என்று ரூனே விறகுக் குவியலுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். நான் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த தடம் இருந்தது. போன தடம் இல்லை.

ஓடினேன். பனி கணுக்கால் வரை இருந்தது. ரூனே பின்னால் ஏதோ கத்திக்கொண்டே வந்தான்.

அவள் பனிக்கட்டி மேல் இருந்தாள். கரையைப் பார்த்தபடி, என்னைப் பார்த்தபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்துக்கொண்டு ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. விளையாட்டில் நன்றாகச் செய்கிறோம் என்று தெரிந்த குழந்தையின் முகம். ஏரி உறைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவள் கால் வைக்கும்போதெல்லாம் பனிக்கட்டி முனகியது. அவளுக்குப் பின்னால், திறந்த தண்ணீர் தொடங்கும் நாணல் பக்கத்திலிருந்து, அந்தக் குரல் மெதுவாக, கொஞ்சலாக அவளைக் கூப்பிட்டது.

நான் கூப்பிட்டேன் யோர்டிஸ். வகுப்பில் எழுந்து பெயர் சொல்லவே வியர்த்துப் போகிறவள், காடே அதிரும்படி "ஓஹோய்!" என்று கூப்பிட்டேன். எம்ப்லா நின்றாள். பனிக்கட்டியில் குத்திப் பிடிப்பதற்காகக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பனிக்கொக்கிகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து போனேன். ரூனே என் கால்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஊர்ந்தான். அவள் கால்சட்டை விளிம்பு என் கைக்குக் கிடைத்தது. கரைக்கு வந்து சேரும் வரை நாணல் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

அங்கிக்குள் அவளைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் காதில் அவள் சொன்னாள்: "நீ கூப்பிட்டா நிக்கக்கூடாதுன்னு தாத்தா சொன்னாரு. மறந்துட்டேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போல, "பரவாயில்லையாம். இடுனும் இப்படித்தான் மறந்துட்டாளாம்" என்றாள்.

எம்ப்லா ஆகஸ்டில் சேர்ந்தவள். உன் மகளை அவள் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இப்போது வீட்டிலும் பேசுவதில்லை. ஹோகன் இரண்டு வாரத்தில் கிழவராகிவிட்டார். லூசியா ஊர்வலத்தில் எல்லாக் குழந்தைகளும் வெள்ளை உடுப்பில் பாடிக்கொண்டு வந்தார்கள். எம்ப்லா வாயை மூடிக்கொண்டு, ஏரிப் பக்கத்து ஜன்னலையே பார்த்தபடி நடந்தாள். முடிந்ததும் ஹோகன் எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்து, "அந்தத் தாத்தாவை இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கம்மா. அவர்கிட்ட மட்டும்தான் பேசறா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றார். மார்கரேத்தா ஒப்புக்கொண்டுவிட்டார். ஏரிப் பக்கம் யாரும் போகாதபடி கயிறு கட்டப் போகிறார். இந்த வியாழன், எம்ப்லாவைக் கயிற்றின் முதல் வளையத்தில் நடக்க வைத்து, அவளையே கூப்பிடச் சொல்லப் போகிறார்கள்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, மார்கரேத்தாவிடமும் ஹோகனிடமும், அது ஒருநாளும் நான் இல்லை, என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை என்று சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிரியமாகத்தான் சிரித்தார்கள். "நீ எப்பவுமே இப்படித்தான் ஹில்லெவி. ஒரு நல்லது செஞ்சா அதை ஒத்துக்கறதுக்குக்கூட வெக்கம் உனக்கு" என்று மார்கரேத்தா என் கன்னத்தைத் தட்டினார். ஏரியில் நான் கத்திய கத்தலைத்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்களே. அதனால் அந்தக் குரலும் என்னுடையதுதான் என்று இப்போது உறுதியாகிவிட்டது. ரூனே மட்டும் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். பிறகு தனியாக, "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. என் காதுல எதுவும் விழல, அவ்வளவுதான்" என்றான். வேறு ஊரில் வேலை தேடுகிறானாம்.

நீ ஏன் போனாய் என்று நான் கேட்க மாட்டேன். இடுன் நலம்தானா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது, அதையும் கேட்காமல் விடுகிறேன். உன் வார்த்தைக்கு மார்கரேத்தா மதிப்புக் கொடுப்பார். நீ கூச்சக்காரி இல்லை. நான் சொன்னால் அது அடக்கம், நீ சொன்னால் அது சாட்சி. அவருக்கு எழுது. "நானும் ஒருநாளும் பதில் குரல் கொடுத்ததில்லை" என்று ஒரே வரி போதும். தொலைபேசியில் சொன்னாலும் போதும். நீதான் கொடுத்தாய் என்றால் அதையாவது எனக்கு எழுது. என் புத்திதான் பேதலித்துவிட்டது என்று தெரிந்துகொண்டு நிம்மதியாக இருப்பேன்.

வியாழனுக்கு முன் ஏதாவது செய், யோர்டிஸ். எம்ப்லாவுக்கு என்னைப் பிடிக்காமல் போகட்டும். ஹோகன் என் முகத்தில் விழிக்காமல் போகட்டும். அவள் பேசாமலேயே வளரட்டும், வளர்ந்தால் போதும்.

கடவுள் உன் வீட்டைக் காக்கட்டும்.

உன்,
ஹில்லெவி.