பிஸ்கட் டப்பாவில் மிச்சம் வைத்த மாத்திரை

முடிச்சூர்
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி பத்ரிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். டொராண்டோவில் நீயும் ஸஹானாவும் குழந்தை மாளவிகாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கேயும் அப்படியே என்று எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், ஒண்ணுக்குப் போற சமாசாரத்தையெல்லாம் பிள்ளைகிட்டச் சொல்லுவியா என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறார். மாடி வீட்டுக் கதிரேசன் ஆபீஸ் வேலையாக அங்கே வருகிறானாம், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் காலையில் காபியை நீட்டினால் அப்பா என்னைப் பார்த்து, மாமி நீங்க எந்த ஃபிளாட் என்று கேட்டார். விளையாட்டு என்று நினைத்தேன், இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வயசாச்சு, ஞாபகம் போயிடுத்து என்று அக்கம்பக்கத்தில் முடிவே கட்டிவிட்டார்கள், நானும்தான், தனியாக உட்கார்ந்து அழுதேன். தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் டாக்டரம்மா முதலில் மூத்திரத்தைப் பரிசோதிக்கச் சொன்னாள். வயசானவங்களுக்கு அங்க கிருமி வந்தா சில பேருக்கு ஜுரம்கூட இருக்காதும்மா, இப்படி புத்திதான் தடுமாறும் என்றாள். அப்பாடா, மருந்தில் தீர்ந்துவிடும் என்று மூச்சு விட்டேன். ரிசல்ட் வந்தால் வழக்கமான மாத்திரை எதற்கும் அது அடங்காதாம், ஒரே ஒரு ஊசி மருந்துக்குத்தான் கேட்கிறதாம். இதுவும் கேக்கலைன்னா எங்கிட்ட பெரிசா ஒண்ணும் இல்லைம்மா என்றாள்.

முன்னால் என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா, நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் சொல்ல வெட்கம், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் எப்போதும் வாங்கும் அதே ஆன்டிபயாடிக் மாத்திரை, கடுப்பு நின்றதும் நிறுத்திவிட்டு மிச்சத்தை பிஸ்கட் டப்பாவில் போடுவது, வீணாக்கக் கூடாதென்று என் தொண்டைவலிக்கும் எதிர்வீட்டு கீதாவின் இருமலுக்கும் அதிலிருந்தே எடுப்பது. இப்படிக் கண்டபடி முழுங்கியே கிருமிக்கு மருந்தைப் பழக்கிட்டீங்க என்றாள்.

ஜாஸ்மின் என்று ஒரு நர்ஸ் பெண் தினமும் வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறாள். நேற்று அவளிடம் அப்பா என்னைக் காட்டி, இவதான் என் ஆத்துக்காரி, காபில தண்ணி ஜாஸ்தி விடுவா என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் தண்ணீர் குடிக்கச் சொன்னால் மட்டும் இன்னும் சண்டைதான், மறுபடி வந்தால் என்ன செய்வேன் என்று பயமாகவே இருக்கிறது.

உனக்குச் சொல்ல வந்தது இதுதான். அங்கே டாக்டர் லேசில் எழுதித் தருவதில்லை என்று நீ அலுத்துக்கொள்வாய், நானும் ஒவ்வொரு தடவையும் ஊறுகாயோடு அந்த மாத்திரையையும் கட்டிக்கொடுப்பேன். மாளவிகாவுக்குக் காதுவலி வந்தபோது அதில் பாதி உடைத்துக் கொடுத்தேன் என்று நீ சொன்னது ராத்திரியெல்லாம் என் நினைப்பில் ஓடுகிறது. இருப்பதையெல்லாம் எடுத்து மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. அந்த டாக்டர் மாட்டேன் என்றால் கோபப்படாமல் கேட்டுக்கொள்.

கதிரேசனிடம் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கொடுத்திருக்கிறேன். மாத்திரை இல்லை, தேடாதே. எங்களுக்கு எப்படியோ போகட்டும், குழந்தைக்கு எங்கள் வயசாகும்போது கேட்கிற மருந்து ஒன்றாவது மிச்சம் இருக்க வேண்டும்.

மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே, தண்ணீர் குடித்தாயா என்று மட்டும் தினம் கேள், நீ சொன்னால் கேட்பார்.

உன் அம்மா,
ஞானாம்பாள்