இடப்பக்கத் தொட்டித் தண்ணி

ஜூலை 9, திங்கள்
சோளகக் காற்று. கண்ணெல்லாம் மணல். றெயில்வேக் கந்தோரிலிருந்து எஞ்சினியர் தம்பி வந்தார். தலைமன்னார் பியரில, கப்பல் துறையில, நான் கரி போடுற பயர்மேனாய் நிண்ட சின்ன நீராவி எஞ்சின் உடைமரப் பற்றைக்குள்ள கிடக்குதாம். கழுவித் துடைச்சு புது ஸ்டேசனில வைக்கப் போகினமாம்.
"பழைய ஆள் நீங்கள்தான். வந்து பாருங்கோ."
ஓம் எண்டன். மனிசி திரேசா: "நெஞ்சு வருத்தத்தோட உங்களுக்கு என்னத்துக்கு?"

ஜூலை 10
பாத்தன். இந்தியாவில அகதி முகாமில இருந்த இருபது வருசமும் கண்ணுக்குள்ள ஓடினது இதுதான். அப்ப ரெண்டு பக்கமும் கடல். ஆவி எது, அலைத்தூவல் எது எண்டு தெரியாது. இப்ப புகைபோக்கியில குருவிக்கூடு.
பக்கத்துத் தகரக் கொட்டிலில செல்லம்மா, பிள்ளைகள் மூண்டு. மலையகத்திலிருந்து வந்து குடியேறின ஆக்கள். எஞ்சினின்ர இடப்பக்கத் தண்ணித் தொட்டிக்குள்ள சீமெந்து பூசி, பவுசர் லொறியில வாற தண்ணியை நிரப்பி வைச்சிருக்கிறா.
"இதத் தூக்கிட்டுப் போனா தண்ணிய எதுலங்கய்யா வைக்கிறது?"
தொட்டியில காது வைச்சன். குளிர். உள்ளுக்குத் தண்ணி அசையிற சத்தம். எஞ்சின் மெல்லப் போற மாதிரி. எவ்வளவு நேரம் நிண்டனோ.

ஜூலை 11
வேணும்: மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், கிறீஸ், என்ர நெஞ்சு வருத்தக் குளிசை.
வெள்ளி கிறேன் வருதாம். எஞ்சினியரிட்டைச் சொன்னன்: "சில்லு இறுகிக் கிடக்கு. கிறீஸ் ஊற ஒரு கிழமை வேணும்."
பாதிப் பொய். அவர் என்ர முகத்தைப் பாத்தார்.
"உண்மையைச் சொல்லுங்கோ ஐயா."
சொன்னன். செல்லம்மாவுக்குத் தண்ணி வைக்க வேற தொட்டி இல்லை எண்டு. அவர்: "கிறேனை மறிக்கிறன். அவவுக்கு வேற தொட்டி கிடைக்குமோ தெரியாது."

ஜூலை 16
ஒரு தகவலும் இல்லை. துருச் சுரண்டினது. மத்தியானம் எஞ்சினுக்குள்ளேயே கண்ணயர்ந்திட்டன். கனவில தண்டவாளம் கடலுக்கு மேலால போகுது. நிலக்கரி வாரிப் போடுறன், பாரமே இல்லை. செல்லம்மா எழுப்பித் தேத்தண்ணி தந்தா.

ஜூலை 19
கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி லொறியில வந்தது! எஞ்சினியர் தானும் சேர்ந்து இறக்கினார். பிறகு கிறேன். எஞ்சின் எழும்பிச்சுது. செல்லம்மா அழுதா. ஏனெண்டு கேக்கேல்லை. என்ர கண்ணும் சரியில்லை.
பி.ப. ஸ்டேசனில. எஞ்சினுக்குப் பக்கத்தில வைக்கிற பலகையில எழுத எஞ்சினியர் விபரம் கேட்டார். சொன்னன்: பியரில சரக்குப் பெட்டி இழுத்தது. டீசல் எஞ்சின் வர இதை ஒதுக்கிவிட்டினம். பிறகு செல்லம்மா குடும்பத்துக்குத் தண்ணி வைச்சிருந்தது.
"கடைசி வரியும் வேணுமோ ஐயா?"
"வேணும். அதுவும் வேலைதானே."
எழுதினார். செல்லம்மாவின்ர பேரில ஒரு 'ல்' விட்டிட்டார். பேனையை வாங்கி அந்த 'ல்'லைப் போட்டுக் குடுத்தன்.