மார்கழியில் கூரை ஏறாத அறை

இஞ்சாருங்கோ,

இருபது வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இன்றைக்கும் அப்படியே கூப்பிடுகிறேன். பாசத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீங்கள் போய் இன்று பதினெட்டாம் நாள். லண்டனில் இந்த மிச்சம் ஊர்ப் பக்கம் விடாத மழை. வீட்டுக்குப் பின்னால் நீங்கள் எழுப்பிய அறை நாலு சுவரோடு வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அதோடு சேர்க்கவென்று குசினிச் சுவரையும் உடைத்தீர்கள். அந்த ஓட்டையை இப்போது ஒரு பலகைதான் மறைக்கிறது. நேற்றுச் சோறு வடிக்கப் போனேன், கால் நனைந்தது. இதுவா நீங்கள் எனக்குக் கட்டிய அறை?

ஓம், எனக்குத்தான். முழங்கால் ஏலாதவள் படியேறி மேலே போய்ப் படுக்க வேண்டாம் என்று தொடங்கினீர்கள். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

பில்டர் யோகன் கூரை மரங்களை இறக்கிவிட்டு எவ்வளவு கெஞ்சினார்? "அண்ணை, இந்தக் கிழமையே கூரையை ஏத்துவம். ஈரம் ஊறி அதுக்கு மேல உறைபனியும் விழுந்தா புதுச் சுவர் வெடிச்சுப் போகும்." நீங்கள் கலண்டரைத் தட்டிக் காட்டினீர்கள். "மார்கழி பிறந்திட்டுது. தையில பாப்பம்." லண்டன் மழைக்கு மார்கழி என்ன, தை என்ன? அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் நீங்களும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள், ஆஸ்பத்திரி வாசலைக்கூட எட்டாமல். இனி உங்கள் தையை யார் பார்ப்பது?

இப்போது நோர்பரியில் இருந்து உங்கள் அண்ணன் வந்து கதிரையில் இருந்தபடி சட்டம் பேசுகிறார். "பிள்ளை, செத்த வீட்டுத் துடக்கு கழியாமல் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது. முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும். பிறகு நாள் பாத்துச் செய்வம்." பின்னால் போய் ஒருக்கால் எட்டிப் பார்த்தாரா? இல்லை. குசினி ஏன் இப்படிக் குளிருது என்று மட்டும் கேட்டார்.

"அண்ணை, மழைக்குத் துடக்குத் தெரியாது" என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. கறுக்கட்டும்.

அவர் போனதும் நானே வேலையில் இறங்கினேன், இதே முழங்காலோடுதான். ஈரத்தில் கிடந்த மரங்களை ஒவ்வொரு முனையாகத் தூக்கிச் செங்கல்லின் மேல் வைத்தேன். பிறகு ஏணியில் ஏறி, சுவர்களுக்கு மேல் நடுவில் ஒரு நீட்டு மரத்தைக் கொடுத்து, தண்ணீர் தேங்காமல் வழிந்தோடத் பிளாஸ்டிக் தறப்பாளைச் சரித்துக் கட்டினேன். யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. வன்னியில் சண்டைக்காலத்து ஒவ்வொரு இடப்பெயர்விலும் கட்டிய கைகள்தானே இவை. "இனி உன்னைத் தறப்பாளுக்குக் கீழ இருக்க விடமாட்டன்" என்று போனில் சொல்லித்தானே என்னை இங்கே கூப்பிட்டீர்கள்? முடிச்சுப் போடும்போது உங்களை வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஜன்னலைச் சாத்திவிட்டாள். பிறகு ஏணியிலேயே நின்று அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் தறப்பாள் எத்தனை காற்றுக்குத் தாங்கும்? யோகனுக்கு போன் பண்ணினேன். "சரி அக்கா, நாளைக்கு வாறன். கூரையைப் போட்டுத் தாறன். ஆனா துடக்கு வீடு, தேத்தண்ணி மட்டும் தராதேங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. உங்களிடம் சொல்லத் திரும்பினேன், நீங்கள் இல்லை. அதற்கும் உங்கள் மேல்தான் கோபம்.

ஆகவே கேளுங்கள். நாளை கூரை ஏறும். மார்கழிதான், துடக்குதான். உங்கள் அண்ணன் வாசலில் மறித்து நின்றாலும் ஏறும். முப்பத்தொன்றாம் நாள் உங்களுக்கான படையலை அந்த அறையில்தான் வைப்பேன், இது சத்தியம். வந்து நனையாமல் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆனால் சோற்றில் கை வைக்க முதல், ஒருக்கால் அண்ணாந்து பாருங்கள்.

கோபம் ஆறாத உங்கள் மனுசி,
வதனி