சட்டைத் துணியில் முடிந்த காசு

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
12.05.1984

அன்புள்ள அத்தானுக்கு,

பரிமளம் எழுதுவது. நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் இருக்கிறோம். நீங்களாவது சுகமாயிருக்க நயினாதீவு அம்மாளை வேண்டுகிறேன். தைப்பொங்கலுக்கு எழுதிய கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன ஆடிக் கலவரத்தில் எரிந்த கடையைத் திரும்ப எழுப்புகிற மனிதருக்கு நேரம் கிடையாதுதான். ஆனாலும் ஒரு தபாலட்டை எழுத எவ்வளவு நேரம் செல்லும்?

போன மாதம் சிவபாதம் அண்ணை அம்பாந்தோட்டையிலிருந்து வந்து நின்றவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். உங்களைக் கண்டதாகச் சொன்னார். கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறீர்களாம். குசினி வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி வேறும் ஒரு கதை சொன்னார். ஊர் வாய்க்கு என்ன, எதையும் சொல்லும். நான் அதைக் காதில் போடவில்லை.

இப்போது எழுத வந்த விஷயம் இதுதான். வீட்டில் களவு போய்விட்டது. கமலாவுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த பதக்கச் சங்கிலியைக் காணவில்லை. பூட்டு உடைபடவில்லை. பூட்டின் திறப்பு வழக்கம்போல சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் போட்ட கூச்சலில் ஒழுங்கை முழுக்கக் கூடிவிட்டது. அந்தக் கிழமை வேலி அடைக்க வந்த தம்பிஐயா தண்ணீர் கேட்டு இரண்டு தரம் உள்ளே வந்தவர். வேறு யார்? ஊர்காவற்றுறைப் பொலிசுக்குப் போய் அவர் பெயரையே கொடுத்தேன். சங்கிலியின் அடையாளம் கேட்டார்கள். பதக்கத்தின் பின்பக்கத்தில் உங்கள் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கிறது, சங்கிலி மாட்டுகிற கொளுவி ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது என்று சொன்னேன். இவ்வளவு வடிவாய் அடையாளம் ஆரும் சொல்லுறேல்லை அக்கா, கட்டாயம் பிடிபடும் என்று சார்ஜன் என்னை மெச்சினார்.

குகதாசன் என்னோடு வர மாட்டேன் என்று நின்றான். விடுங்கோ அம்மா, சங்கிலிதானே என்கிறான். பதினைந்து வயது ஆம்பிளைப் பிள்ளைக்கு ரோசம் வேண்டாமா என்று நல்லாய் ஏசிப்போட்டேன்.

பொலிசை மட்டும் நம்பி நான் இருப்பேனா? மறுநாளே குறிகட்டுவானில் வள்ளம் ஏறி அம்மாளிடம் போனேன். மஞ்சள் துணி வாங்கி வைக்கவில்லை. குகனுக்குக் கட்டையாய்ப் போன பழைய கோடுபோட்ட சட்டையில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சளில் தோய்த்து, காசை முடிந்து கட்டிவிட்டு வந்தேன். என் வீட்டிலிருந்து என்னுடையதை எடுத்தவர் யாராயிருந்தாலும் அந்தக் கை விளங்கக் கூடாது என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பரிமளம்


இறுப்பிட்டி.
10.06.1984

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

கள்ளன் பிடிபட்டுவிட்டான். அது எங்கள் குகன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நகைக்கடையில் விற்கக் கொடுத்திருக்கிறான். நான் சொன்ன அடையாளத்தைப் பொலிஸ் கடைகளுக்கு அறிவித்திருந்ததாம். கடைக்காரர் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இரும் தம்பி, சோடா குடியும் என்று இருத்தி வைத்துக்கொண்டு ஆள் அனுப்பியிருக்கிறார். பிள்ளை சோடாவைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். என் வாய்தான் அத்தான் அவனைப் பிடித்துக் கொடுத்தது.

தம்பிஐயாவை ஒரு பகல் முழுக்கப் பொலிசில் இருத்தி விசாரித்தார்கள். இன்றைக்கு அவர் முகத்தில் முழிக்க எனக்கு ஏலாமல் இருக்கிறது.

போன திங்கட்கிழமை ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். என் பிள்ளை, என் சங்கிலி, எனக்கு வழக்கு வேண்டாம் என்று அழுதேன். பதிந்த முறைப்பாட்டை நினைத்தபடி கிழிக்க ஏலாது என்று எங்களுக்காக வழக்குப் பேசுகிற பிரக்கிராசி அரியநாயகம் சொல்கிறார். பதினாறு வயது நிரம்பாதபடியால் பெரியவர்களோடு மறியலில் போடவில்லை. வழக்குத் தவணை வரும்வரை இப்படியான பிள்ளைகளை வைத்திருக்கிற இல்லம் ஒன்று வலிகாமத்துப் பக்கம் இருக்கிறது. அங்கே அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்கு ஞாயிறு, பார்க்க விடுகிற நாள். விடியவே வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். இருபது பிள்ளைகள் இருப்பார்கள். சைக்கிள் எடுத்தவன் ஒருவன், சண்டையில் கல்லால் எறிந்தவன் ஒருவன். ஏன் பிடித்தார்கள் என்று தெரியாமலே ஒரு சின்னன் நிற்கிறது, பதினொரு வயதுகூட இராது. புதிதாக யாரும் வந்தால் அங்கே பெயரைக் கேட்பதில்லையாம். உனக்கு எப்ப தவணை என்றுதான் கேட்பார்களாம். குகன் தன் பாய்க்கு நேரே சுவரில் பென்சிலால் தவணைத் திகதியை எழுதி வைத்திருக்கிறானாம். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானாம். போனவர்களின் திகதிகளையும் யாரும் அழிக்கவில்லை என்றான்.

பொறுப்பாய் இருக்கிற ஐயா நல்ல மனிதர். நான் கொண்டுபோன புட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, குடுங்கோ அம்மா, உங்கட கையால தீத்திவிடுங்கோ என்றார். ஏன் தீத்தச் சொல்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. வலது கையில் பெரிய கட்டு. அங்கே பிள்ளைகள் முறைவைத்துச் சமையலுக்கு உதவ வேண்டும். பூசணிக்காய் வெட்டும்போது கத்தி வழுக்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் ஆறு தையல். இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாளிடம் நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியாது.

ஏனடா எடுத்தனீ என்று கேட்டேன். நீதவான் கேட்டபோது வாய் திறக்காத பிள்ளை, என் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ரெயிலுக்குக் காசு வேணும் அம்மா, அம்பாந்தோட்டைக்குப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரத்தான் எடுத்தனான் என்றான். சிவபாதம் அண்ணை கதைத்த அன்றைக்கு அவன் குசினிக்குப் பின்னால் விறகு கொத்திக்கொண்டு நின்றிருக்கிறான். நான் காதில் போடாததை அவன் போட்டுக்கொண்டான்.

அடுத்த தவணை 25ஆம் திகதி, திங்கட்கிழமை. களவென்று முறைப்பாடு குடுத்ததும் நீர், பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறதும் நீரோ, தகப்பன் எங்கே என்று நீதவான் கேட்டார். தகப்பன் வந்து கையெழுத்து வைத்தால் விடுவார்கள். கட்டாயம் வாருங்கள் அத்தான்.

இப்படிக்கு,
பரிமளம்


இறுப்பிட்டி.
27.06.1984

அன்புள்ள அத்தானுக்கு,

தவணைக்கு நீங்கள் வரவில்லை. பேர் கூப்பிடும்வரை வாசலைப் பார்த்தபடி நின்றேன். குகனும் உள்ளே நின்றபடி அதையேதான் பார்த்தான். தம்பிஐயா என்னோடு வந்தவர். நான் கூப்பிடவில்லை. பஸ் நிலையத்தில் நின்றார், நான் ஏறின பஸ்ஸிலேயே ஏறினார். பொடியனுக்கு நான் பிணை நிற்கிறன் ஐயா என்று நீதிமன்றத்தில் எழும்பிச் சொன்னார். யாரை நான் கள்ளன் என்றேனோ அவர். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் போலிருந்தது. உறவில்லாதவர் பிணை நிற்க ஏலாது என்று அவரை இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முதல் கிழமை நன்னடத்தை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். தகப்பன் மாதாமாதம் கடிதம் போடுகிறவர் என்று சொன்னேன். காட்டுங்கோ பார்ப்பம் என்றார். பொங்கல் கடிதத்தை எடுத்து, திகதியைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு காட்டினேன். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. என் விரலைத்தான் பார்த்தார். வீட்டில் தகப்பனின் கவனிப்பு இல்லை என்று அறிக்கையில் எழுதிவிட்டார்.

இனி ஜூலை 9ஆம் திகதி. அதுதான் கடைசித் தவணை. அன்றைக்கும் நீங்கள் வராவிட்டால் நன்னடத்தைப் பாடசாலைக்கு மூன்று வருஷத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பிரக்கிராசி சொல்கிறார். நாடு இருக்கிற இருப்பில் மூன்று வருஷத்தில் இந்த வயதுப் பிள்ளைக்கு என்னவும் நடக்கும். எனக்கு ஓடி ஓடிக் களைத்துப் போய்விட்டது அத்தான். ஏசுவதற்கும் தெம்பில்லை.

பதிவுத் தபாலின் அட்டை எனக்குத் திரும்பி வந்தது. வாங்கியவர் வைத்த கையெழுத்து உங்களுடையதில்லை. சிங்களத்தில் இருக்கிறது. வட்ட வட்டமான வடிவான எழுத்து, பொம்பிளைக் கை. கமலா ஆரம்மா இது என்று கேட்டாள். கடையில் வேலை செய்கிற ஆள் என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இனி எப்போதும் கேட்க மாட்டேன். நீங்கள் எனக்காக வர வேண்டாம். வந்து, கையெழுத்து வைத்து, பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்புங்கள். கடையில் வேலை, அப்பா நிற்க ஏலாது என்று குகனுக்கு நான் சொல்லிச் சமாளிப்பேன்.

நேற்று அம்மாளிடம் போனேன். நூற்றுக்கணக்கில் மஞ்சள் முடிச்சுகள். என்னுடையதைக் கண்டுபிடிக்க ஏலாது என்றுதான் நினைத்தேன். மஞ்சள் வெளிறி, அந்தச் சட்டைக் கோடு தெரிந்தது. என் பிள்ளையின் சட்டையிலேயே முடிந்து அவன் கைக்குக் கேடு கேட்டிருக்கிறேன் பாருங்கள். பல்லால் கடித்து அவிழ்த்தேன். காசை உண்டியலில் போட்டேன். நான் சொன்ன சொல் பலிக்க வேண்டாம் அம்மா, என் வீட்டிலிருந்து என்னுடையதை எடுத்தவர் எவராயிருந்தாலும் பலிக்க வேண்டாம் என்று சொன்னேன். எவராயிருந்தாலும் என்று இரண்டு தரம் சொன்னேன்.

குகனின் ஒரு விரல் மடங்கத் தொடங்கியிருக்கிறது. சுவரில் 25ஐ வெட்டிவிட்டு 9 என்று இடது கையால் எழுதியிருக்கிறானாம்.

இதையும் பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறேன். இதை வாங்கிக் கையெழுத்து வைத்து உங்களிடம் கொடுக்கப்போகிற அந்தக் கை, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கட்டும். முதல் அனுப்பிய பதிவுத் தபாலையும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குகதாசனின் அம்மா