திருநீறு இல்லாத வெள்ளிக்கிழமைகள்

2009 ஜூன் 6, சனி. நோர்பரி

பெயின்ற் ரின்னைத் திறந்து, கால்வாயில் ஓட வாங்கிய போட்டில் முதல் கோடு இழுத்த உடனேயே, உதவிக்கு வந்த யோகராஜா சொன்னான்: "அண்ணை, பச்சை நல்ல எடுப்பா இருக்கு."

நான் வாங்கியது அரக்குச் சிவப்பு. அப்படி நினைத்துத்தான் வாங்கினேன். மூடியில் பூசியிருந்த நிறத்தைப் பார்த்து எடுத்தேன், பெயரைப் படிக்கவில்லை. "ஓம், பச்சைதான் எனக்கு விருப்பம்" என்று சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தேன். சிவனேஸ்வரி பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் காரில் வரும்போது அரக்கு அடிக்கப்போகிறேன் என்று இவளிடம்தானே சொன்னேன்? பிறகு ஏன் வாய் திறக்கவில்லை?

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறந்ததிலிருந்தே இப்படித்தான். இதை எழுதுவதே இதுதான் முதல் தடவை, ஒருவருக்கும் தெரியாது. பதினெட்டு வருடம் இந்த லண்டனில் மினிகாப் ஓடியவன் நான். வீதி லைற்றில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. இதற்கு நிறம் எதற்கு?

ஜூன் 9, செவ்வாய்

மே மாதம் முழுக்க இந்தக் கொப்பியில் ஒன்றும் இல்லை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்ற கால்நோவு இன்னும் இருக்கிறது. ஊரில் இப்படி நடந்த வருடத்தில் போட்டும் பிரான்ஸ் பயணமும் வேண்டுமா என்று சிவனேஸ்வரியிடம் கேட்டேன். "போவம்" என்றாள். "இஞ்ச இருந்தும் ஒண்டும் செய்ய ஏலாமத்தானே இருந்தனாங்கள்."

சரிதான். ஆனால் போட் வாங்கிய நாளில் என்னைத் திட்டித் தீர்த்தவள், இப்போது ஏன் இவ்வளவு ஆர்வப்படுகிறாள்?

ஜூன் 12, வெள்ளி

காலை பத்து மணிக்கே ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு என்று ரெயின் எடுத்துப் போனவள், மாலையில்தான் வந்தாள். நெற்றியில் திருநீறு இல்லை. சந்தனமும் இல்லை.

"அழிஞ்சு போச்சு, வெக்கை" என்றாள். வெக்கையா? நான் கம்பளி ஜம்பரோடு இருந்தேன்.

ஜூன் 15, திங்கள்

இன்று படிப்பு. பிரான்ஸ் கால்வாய்களில் போட் ஓட்டுகிறவனிடம் சேர்ட்டிபிக்கற் இருக்கவேண்டும். அதற்கு ஒரு ரெஸ்ற். மிதவைகளின் நிறம், கரையின் அடையாளம், எல்லாம் சிவப்பு, பச்சை, பச்சை, சிவப்பு. இந்தச் சட்டத்தை எழுதியவனுக்கு உலகத்தில் வேறு நிறமே கிடைக்கவில்லையா?

மிதவைகளைச் சமாளித்துவிடலாம். ஒன்று தகரப்பேணி போல, மற்றது கூம்பு. ஆனால் லொக் இருக்கிறதே, தண்ணீரை ஏற்றி இறக்கிப் போட்டை மேட்டிலும் பள்ளத்திலும் கொண்டுபோகிற கதவுப்பெட்டி, அதன் வாசலில் லைற். புத்தகத்துப் படத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மேல் கீழ் இல்லை. எது போ, எது நில்? வெயில் அடித்தால் எனக்கு இரண்டும் ஒன்று.

ஏப்ரலில் ஒரு தடவை ரெஸ்ற்றைத் தள்ளிப்போட்டேன். அப்போது சதுக்கத்தில் நிற்பதே எங்கள் வேலை, ஒருவரும் காரணம் கேட்கவில்லை. இப்போது என்ன சொல்லித் தள்ளுவது? போட்டை ஏற்றிப் பிரான்ஸில் கலே துறைமுகத்துக்குக் கொண்டுபோக லொறிக்காரனிடம் செப்டெம்பருக்கு நாள் பேசியாயிற்று.

ஜூன் 19, வெள்ளி

இன்றும் கோயில். இன்றும் வெறும் நெற்றி. பிரசாதம் எங்கே என்று கேட்டேன். கைப்பையிலிருந்து இரண்டு வடை எடுத்துத் தந்தாள். எங்கள் பக்கத்து ரூட்டிங் கடை வடை! அந்த எண்ணெய் மணம் எனக்குத் தெரியாதா? கார்டிகனில் வேறு டீசல் மணம்.

முருகன் கோயிலில் எங்கே டீசல்?

ஜூன் 24, புதன்

நான் குளித்துவிட்டு வர ரெலிபோனை டக்கென்று வைத்தாள். "ஆர்?" என்றேன். "யோகராஜா. போட்டுக்குள்ள வயர் இழுக்கிற வேலையை அவரிட்டைக் குடுத்திட்டன்" என்றாள்.

வயர் இழுக்க எனக்கு ஏலாதா? அவன் எலக்ரீசியன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் போட்டுக்கு என்னைக் கேட்காமல் அவனை ஏன் கூப்பிடவேண்டும்? அவனும் ஒரு காசும் வேண்டாம் என்கிறானாம். சும்மா வேலை செய்கிறவனை நான் இன்னும் காணவில்லை. ஒருவரும் சும்மா சிரிப்பதும் இல்லை. வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்கிறான். அதுதான் எனக்கு இடிக்கிறது.

பின்னேரம் கடைக்குப் போகும்போது காரில் நான் கதைக்கவில்லை. அவள் மட்டும் வழக்கம்போல, லைற் மாறுகிற அந்தக் கணத்தில், "ம், எடுங்கோ." இருபது வருடமாக ஒவ்வொரு லைற்றிலும் இந்த அலட்டல். நான் என்ன குருடனா?

ஜூலை 1, புதன்

ரெஸ்ற்றைத் தள்ளிவிட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். சிவனேஸ்வரி மல்லித்தண்ணி அவித்துத் தந்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காதவர்களுக்குத்தான் நான் பயம்.

ஜூலை 5, ஞாயிறு

மகள் லக்‌ஷிகா வந்தாள். அம்மா வெள்ளிக்கிழமைகளில் எங்கே போகிறாள் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "ரெம்பிளுக்கு. அப்பா, யூ ஆர் பீயிங் வெரி வியர்ட்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இவளும் கூட்டு.

ஜூலை 8, புதன்

நித்திரை சரியில்லை. எண்பத்தைந்தில் பரிஸில், ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். பின்கதவைத் திறந்தால் கால்வாய். விசா இல்லாதவன் வெளியே நிற்கக்கூடாது என்று முதலாளி கத்துவான். கழுவிய தண்ணீர் ஊற்றுகிற சாட்டில் நின்று பார்ப்பேன். ஒரு கிழவனும் கிழவியும் போட்டில் பேக்கரிப் பாணும் தக்காளியும் வெட்டிவைத்துத் தின்றுகொண்டு மெல்லப் போனார்கள். கிழவன் எனக்குக் கையசைத்தான். அன்றைக்கே நினைத்தேன், ஒருநாள் நானும் பெண்சாதியும் இப்படிப் போகவேண்டும் என்று. அப்போது எனக்குப் பெண்சாதியும் இல்லை, விசாவும் இல்லை.

இப்போது எல்லாம் இருக்கிறது. பெண்சாதி யாரோடு போகப்போகிறாள் என்பதுதான் தெரியவில்லை.

ஜூலை 17, வெள்ளி

ஒழுங்காக எழுத வருகிறதா பார்ப்போம்.

அவள் ரெயினுக்குப் போன பிறகு நான் காரை எடுத்தேன். நேரே ஆர்ச்வே. ஏற்றத்தில் காரை விட்டுவிட்டுக் கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானப் பூசை முடிந்து சனம் போயிற்று. அவள் வரவில்லை. உள்ளே போய் அர்ச்சனை ரிக்கற் கொடுக்கிற அம்மாவிடம் கேட்டேன். "சிவனேஸ்வரி அக்காவோ? கன நாளாக் காணேல்லையே. சுகமில்லையோ?"

என்ன செய்வேன் நான்? யோகராஜாவின் வீட்டுக்கு ரெலிபோன் அடித்தேன். அவன் மனைவி சுசிலா எடுத்தாள். "அவர் உங்கட போட்டுக்கெல்லோ போனவர், அண்ணை. அக்காவும் வாறா எண்டு சொன்னவர். உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்டும் தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது! போட் கட்டியிருந்த அக்ஸ்பிரிட்ஜ் வரைக்கும் எப்படி ஓடினேன் என்று முருகனுக்குத்தான் வெளிச்சம்.

கட்டின இடத்தில் போட் இல்லை. கயிறும் இல்லை. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வித்துப்போட்டாளோ? அவனோடு போய்விட்டாளோ? ஐம்பது வயதுக்கு மேலேயா? புல்லில் குந்திவிட்டேன்.

அப்போது என் இஞ்சினின் சத்தம் கேட்டது. வளைவில் என் போட் வந்தது. முன்னால் யோகராஜா, கையில் கயிறு. பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு நெட்டையான வெள்ளைக்காரி. அவளுக்குப் பக்கத்தில், மகளின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, சுக்கான் கட்டையைப் பிடித்தபடி சிவனேஸ்வரி. கட்டையை இடப்பக்கம் தள்ளினாள். போட் வலப்பக்கம் திரும்பியது. முட்டாமல் மோதாமல் கரையோடு வந்து சேர்ந்தது. நான் கொண்டுவந்தால் எப்போதும் ஒரு இடி இருக்கும்.

என்னைக் கண்டாள். முகம் வெளுத்துவிட்டது. யோகராஜா "அண்ணை, பிடியுங்கோ" என்று கயிற்றை எறிந்தான். கயிறு என் காலடியில் வந்து விழுந்தது. நான் குனியவில்லை.

ஜூலை 18, சனி

நேற்றைய மிச்சத்தை எழுதவேண்டும்.

வெள்ளைக்காரி போட் ஓட்டப் பழக்குகிறவள். "யுவர் வைஃப் பாஸ்ட் ருடே!" என்று எனக்குக் கை தந்தாள். சிவனேஸ்வரி ரெஸ்ற்றில் பாஸாம். "தாங்க்யூ" என்றேன். சிவனேஸ்வரியைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

பின்னேர வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து லைற்றுகளின் முகத்தில் அடித்தது. மூன்று கண்ணாடியும் சேர்ந்து எரிகிற மாதிரி எனக்கு. ஒரு சந்தியில் முன்னால் வேறு கார் இல்லை. நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான், பிறகு இன்னொருவன், பிறகு எல்லாரும். வியர்த்துவிட்டது.

"இண்டைக்கு நான் சொல்லேல்ல" என்றாள் அவள், நேரே பார்த்தபடி. பிறகு, "ம், எடுங்கோ."

எடுத்தேன். கொஞ்சத் தூரம் போய்ப் பஸ் நிற்கிற இடத்தில் காரை ஓரங்கட்டினேன்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"கலியாணம் முடிச்சு முதல் தீபாவளிக்கு. அரக்குச் சேலை எண்டு கொண்டுவந்து தந்தீங்கள். பிரிச்சுப் பார்த்தா நல்ல பச்சை."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் சிரிச்சுக்கொண்டு தந்தனீங்கள்." சீற் பெல்ற்றைத் தளர்த்திக்கொண்டு, "அதே பச்சைதான் இப்ப போட்டிலயும் இருக்கு" என்றாள்.

அந்தச் சேலையை அவள் எத்தனை திருவிழாவுக்குக் கட்டியிருப்பாள்! நான் ஒவ்வொரு தடவையும் "அரக்கு உமக்கு வடிவு" என்று சொல்லியிருக்கிறேனே. கடவுளே.

"ஏப்ரலிலயே எனக்கு விளங்கீற்றுது, நீங்கள் அந்த ரெஸ்ற்றுக்குப் போகமாட்டீங்கள் எண்டு. ஆரிட்டையும் சொல்லவும் மாட்டீங்கள். போட்டை வித்துப்போட்டு முதுகு நோவு எண்டு ஒரு கதை விடுவீங்கள்."

முதுகு நோவைத்தான் அடுத்த சாட்டாக யோசித்து வைத்திருந்தேன். அதை எப்படிக் கண்டுபிடித்தாள்?

"முருகனை ஏன் பொய்க்கு இழுத்தனீர்?"

"வேற எங்க எண்டு சொன்னாலும் நீங்கள் காரில ஏத்திக்கொண்டு போய் விடுவன் எண்டு நிப்பீங்கள். கோயிலுக்கு மட்டும்தான் வரமாட்டீங்கள்." அதுவும் உண்மைதான்.

யோகராஜாவைப் பற்றி நினைத்ததை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 21, செவ்வாய்

சேர்ட்டிபிக்கற் அவள் பெயரில். கப்டன் அவள் என்றால் நான் யார்? சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 8, சனி

யோகராஜா வயர் வேலையை முடித்துவிட்டான். ஒவ்வொரு வயரிலும் வெள்ளைப் பட்டி சுற்றி ஒட்டி, ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டிருக்கிறான். நிறத்தைப் பார்க்கத் தேவையில்லை. "எல்லாப் போட்டுக்கும் இப்பிடித்தான் செய்யிறது, அண்ணை" என்றான். பொய். காலையில் பக்கத்துப் போட்டுக்காரனின் பெட்டிக்குள் பார்த்தேன், இலக்கம் ஒன்றும் இல்லை.

இந்தப் பொய்க்கு நான் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடிப்போய்விட்டது. குடித்தான்.

செப்டெம்பர் 4, வெள்ளி

கயிறு எறியப் பழகுகிறேன். வாய்க்காலுக்குள் எறிவதில் நான் கெட்டிக்காரன்.

செப்டெம்பர் 11, வெள்ளி

ஆர்ச்வே போனோம், இருவரும். தேங்காய் உடைத்தேன். அர்ச்சனை ரிக்கற் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா. இன்றைக்குச் சிவனேஸ்வரியின் நெற்றியில் திருநீறு. என் நெற்றியிலும், அவளே பூசிவிட்டது.

செப்டெம்பர் 16, புதன். கலேக்கு அப்பால்

லொறியிலிருந்து கிரேன் போட்டைத் தூக்கி இறக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிரேன்காரன் கயிறுகளைச் சரியாகக் கட்டவில்லை என்று எனக்கு ஒரே சந்தேகம். ஒன்றும் நடக்கவில்லை.

காலையிலிருந்து அவள்தான் ஓட்டினாள். நான் முன்னால் கயிற்றோடு நின்றேன். வழி முழுக்க வயல், தண்ணீர், பிறகும் வயல். பிரெஞ்சுக்காரன் ஒருவன் சைக்கிளை நிறுத்தி எங்களைப் பார்த்தான். எதற்குப் பார்க்கிறான் என்று நானும் பார்த்தேன். கையசைத்தான்.

முதல் லொக் வந்தது. வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, வந்து இதைப் பிடியுங்கோ" என்று கூப்பிட்டாள்.

"நான் ஏன்? நீர்தானே கப்டன்."

"கப்டன்தான் சொல்லுறன். வாங்கோ. எனக்குப் பசிக்குது."

சுக்கானைப் பிடித்தேன். அவள் பக்கத்துப் பலகையில் குந்தியிருந்து பாணை வெட்டினாள், தக்காளியை வெட்டினாள். நான் லைற்றுகளைப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. வெயில் அதன் மேலேயே அடித்தது. எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். பாண் துண்டை வாங்கித் தின்றேன். தக்காளி நன்றாகப் பழுத்தது, அவள் பார்த்து வாங்கியது.

"ம், எடுங்கோ" என்றாள்.

எடுத்தேன்.