பொட்டலில் ஐம்பத்தெட்டு அடுப்பு

வைகாசி 3, ஞாயிறு

காலையிலேயே அனல். மேல்காற்று. குவாரித் தூசி பறந்து, காயப்போட்ட சேலையெல்லாம் வெள்ளை. மறுபடி அலசினேன்.

வாங்க: புளி, தீப்பெட்டி, அவர் போட்டோவுக்கு ஆணி.

ரேஷன் கடை போய் வந்தேன். பொட்டலைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். வழியில் நிழல் என்றால் ஒரே ஒரு வேலமரம். அவர் இருந்தவரை நடக்க முடியாத நாலு பேரை ஒவ்வொருவராக வண்டியில் கூட்டிப்போய், கைரேகை வைக்கச் சொல்லி, அரிசியோடு கொண்டுவந்து விடுவார். மாசியில் போய்விட்டார். இன்று மாரியாயி அக்கா மூட்டையோடு அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. “அவன் இருந்தா என்னை நடக்க வுடுவானா?” என்றது. மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

வைகாசி 5, செவ்வாய்

மகளிர் குழுக் கூட்டம். செல்விதான் எங்கள் தலைவி. தாலுகா ஆபீஸில் கேட்டு வந்திருக்கிறாள். வாரம் இரண்டு நாள் கடை நம் ஊருக்கே வருமாம். ஆனால் அதற்கு வேண்டிய கணக்குக்கு நம் ஊரில் பதினாலு அட்டை குறைகிறதாம்.

எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து தெருவாரியாக எழுதிப் பார்த்தேன். மேலத்தெரு 23 அடுப்பு. நடுத்தெரு 19. ஓடைத்தெரு 16. ஆக 58. அட்டை 41தான். எங்கள் ஊரில் தனி அடுப்பு வைப்பார்கள், அட்டையைப் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள் என்று பேச்சு வரும். அவரும்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் தனி அடுப்பு. அட்டை மட்டும் தம்பி முருகேசனோடு ஒன்றே. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிவார்.

திருமானூர்ப் பக்கம் எங்களைப் பாலைவனத்து ஆள் என்பார்கள். கொள்ளிடத் தண்ணீர் பாய்கிற இடம், பேசுவார்கள். இங்கே மேற்கே குவாரி, கிழக்கே மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடை. வாய்க்கால் இல்லை. கொத்தினால் கிளிஞ்சல் கல். அதிலேதான் பருத்தியும் கம்பும் எடுக்கிறோம். ஒரு வீடும் பூட்டிக் கிடக்கவில்லை. 58ம் எரிகிற அடுப்பு.

வைகாசி 6, புதன்

அட்டையைப் பிரித்துக்கொள்ளலாம் என்று முருகேசனிடம் சொன்னேன்.

“அண்ணன் போயி மூணு மாசம்தான் ஆவுது. அதுக்குள்ள பிரியணுமா அண்ணி?”

“அட்டைதான்டா வேற. நீ வேறயா ஆயிடுவியா?”

எழுந்து போய்விட்டான். அவன் பெண்டாட்டி சாந்தி கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டாள். உப்பு கூடுதல்.

வைகாசி 12, செவ்வாய்

அரியலூர். பஸ்ஸில் நின்றேதான் போனேன். இ-சேவை மையத்தில் கூட்டம். கம்ப்யூட்டரில் இருந்த பெண் இறப்புச் சான்றிதழ் கேட்டாள், கொடுத்தேன். அவர் பேருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். தட்டினாள். பேர் போய்விட்டது. அடுத்து என் பேரையும் எடுத்துத் தனி அட்டைக்குப் பதிந்தாள்.

வரும்போது சாப்பிடவில்லை. ஆணி வாங்கினேன்.

வைகாசி 14, வியாழன்

குழாயடியில் பேச்சு. “புருசன் போன கையோட தனிக்காட்டு ராணி ஆவப் பாக்குது.” யார் என்று தெரியும். என் குடம் நிறைந்த பிறகு சொன்னேன், “ராணிக்கு அரிசி தூக்க ஆள் இல்லடி. நீயும் பிரிச்சாத்தான் கடை வரும்.” சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் அவளே வந்து என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுப்போனாள்.

வைகாசி 27, புதன்

பதிந்தவர்கள் என்னோடு பதினாறு. இரண்டு கூடுதல். முருகேசன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆடு ஒன்று குட்டி போட்டது.

ஆனி 10, புதன்

தனி அடுப்பா என்று பார்க்க ஆபீஸ் ஆள் வந்தார். வியர்த்துக் கொட்டியது அவருக்கு. தண்ணீர் கொடுத்தேன். அடுப்பைப் பார்த்தார். முருகேசனைக் கூப்பிட்டு, குடும்பத்தில் ஏதாவது தகராறா என்று கேட்டார்.

“தகராறு ஒண்ணும் இல்லீங்க சார். ஊருக்குக் கடை வரணும்னு எங்க அண்ணிதான் மொதல்ல பிரிஞ்சாங்க. எழுதிக்குங்க.”

ஆபீஸ் ஆள் எழுதிக்கொண்டார். குடும்பத் தலைவர் யார் என்றார். என் பேரைச் சொன்னேன். எத்தனை பேர் என்றார். ஒருத்தி என்றேன்.

இன்னும் பதினைந்து வீடு இருக்கிறதே, எந்தப் பக்கம் என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டு முன்னால் நடந்தேன்.