விளக்கு வைக்கும் முன் போய்ச் சேரும் ஊர்

முருகனோட அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தபோதே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எழுதுவேனா? அங்கே சுகந்தானே? இங்கே ஸ்ரீவைகுண்டத்தில் நம் வாழை குலை தள்ளிவிட்டது. அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது.

நம் பேத்தி கோமதிக்கு வேலை கிடைத்துவிட்டது. தேயிலைச் செடிக்கு வருகிற பூச்சி, நோய் எல்லாம் பார்க்கிற வேலை. அஞ்சாவதோடு நிறுத்திய எனக்கு அவள் படித்த படிப்பின் பேர்கூட வாயில் நுழையாது. ஆனாலும் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். ஊர்தான் தூரம். அஸ்ஸாமில் திப்ருகர்.

முருகன் உடனே உங்கள் சட்டத்தைக் கையில் எடுத்தான். காலையில் புறப்பட்டால் விளக்கு வைக்கிறதுக்குள்ளே போய்ச் சேருகிற ஊருக்குத்தான் பெண்ணை அனுப்பணும் என்பீர்களே, அதை. அந்தக் கணக்கில்தானே நம் மகளைக் களக்காட்டில் கொடுத்தீர்கள்?

கோமதி விடவில்லை. "தாத்தா நேரத்தைத்தான சொன்னாவ? தூரத்தை எங்கன சொன்னாவ?"

"ஏட்டி, வாயைப் பாரு. அஸ்ஸாம் என்ன ஆழ்வார்திருநகரியா?" என்றான் முருகன். ஆனாலும் போனில் தட்டிப் பார்த்தான். நம் வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து திப்ருகர் விமான நிலையத்துக்கு இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம், பறக்க நாலு மணி நேரங்கூட ஆகாது என்று வந்தது. அவன் முகமே மாறிப்போயிற்று.

"அக்கா வீட்டுக்கு பஸ் மாறிப் போனாலே இம்புட்டு நேரம் ஆயிருதே! அப்பா சொன்னதுக்குள்ளதான் வருது. போயிட்டு வாட்டி."

மருமகள் சர்க்கரை எடுக்க அடுக்களைக்கு ஓடினாள். அப்போதுதான் கோமதி பையச் சொன்னாள்: "அப்பா, அது ரெண்டு ஊருக்கும் நேரே கோடு போட்டுச் சொல்லுத கணக்கு. அப்படி ஒரு விமானம் கிடையாது. சென்னையில மாறணும், கல்கத்தாவுல மாறணும். போதாததுக்கு, அங்கன நமக்கு முன்னாலயே இருட்டிரும்."

பேசாமல் இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும் இல்லையா? முருகன் போனைக் கவிழ்த்து வைத்தான். "அப்பம்னா நீ போக வேண்டாம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நீங்கள் இருட்டுக்கா பயந்தீர்கள்? போன இடத்தில் பெண் என்ன பாடு படுகிறாளோ, நமக்குத் தெரியாமல் போய்விடுமே என்றுதானே? கைக்கு வந்ததே போனாலும் உள்ளதைச் சொல்கிற பிள்ளை இவள். இவள் பாடு நமக்குத் தெரியாமல் போகுமா?

"ஏலே முருகா, உங்கப்பா சட்டத்துல எனக்கும் பாதி உண்டு. பிள்ளை போகட்டும். நானும் கூடப் போறேன்" என்றேன்.

"நீயா? திருச்செந்தூருக்கு பஸ்ஸுல போனாலே வாந்தி எடுப்ப!"

"விமானத்துல அதுக்குன்னு பை குடுக்காவளாம்லே."

கோமதிதான் முதலில் சிரித்தாள். பிறகு அவனுக்கும் அடக்க முடியவில்லை.

அடுத்த வாரம் கிளம்புகிறோம். கோமதி எனக்கும் ஒரு கம்பளிச் சட்டை வாங்கியிருக்கிறாள். போட்டால் வேற்றூர்க்காரி மாதிரி இருக்கிறேன். உங்களுக்குக் கோபமா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். "ஆச்சி, எனக்குப் பழகிப்போச்சு, நீங்க ஊருக்குப் போங்க" என்று அவள் வாயால் சொல்கிற வரைக்கும் அங்கேயே இருப்பேன். அவள் சொல்லிவிட்டால் நம்பித் திரும்பி வருவேன்.

உங்கள் வீட்டுக்காரி,
கோமதியின் ஆச்சி